தி.நகர் கடைகளில் ஒரு ஸ்டூல் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சைதாப்பேட்டையில் 22 வருடமாகத் தையற்கடை வைத்திருக்கிறேன். லைனிங் துணி, பால்ஸ், ஊக்கு, நூல் வாங்க மாதம் இரண்டு தடவையாவது தி.நகர் போயாக வேண்டும். ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் மாம்பலம், இறங்கினால் ரங்கநாதன் தெரு. ஆனால் போன வருடம் முழுக்க அந்தத் தெருவில் நாலு கடை தாண்ட முடியாமல் திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

ஆரம்பம் படுக்கையில். ஒரு விடியற்காலை வலப்பக்கம் புரண்டதும் சுவர், பீரோ எல்லாம் சுழன்றன. உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறிவிட்டன என்று சொல்லி, காது டாக்டர் தலையைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்தார். நாலு நாளில் சுற்றல் நின்றது. ஆனால் ஒரு கிறுகிறுப்பு மட்டும் போகவில்லை. உட்கார்ந்திருந்தால் அவ்வளவாகத் தெரியாது. துணிக்கடைக்குள் நுழைந்தால் போதும்: அடுக்கடுக்காகச் சேலைகள், தூணெல்லாம் கண்ணாடி, ஓடி ஓடி எரியும் சீரியல் லைட், எதிரே வருகிற கூட்டம். காலடியில் தரை படகு மாதிரி ஆடும். கண்டாங்கிச் சேலைக்குப் பால்ஸ் தைக்க உட்கார்ந்தாலும் கட்டங்கள் நெளியும்.

பிரஷர், சுகர், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை என்றார்கள். ஒருவர் கழுத்தெலும்பு தேய்மானம் என்று பட்டை மாட்டிவிட்டார். இரண்டு மாதம் குனிந்து துணி வெட்ட முடியாமல் போனதுதான் மிச்சம். மாமியார் பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தார் (வயிற்றுக்கு நல்லது, குறை சொல்ல மாட்டேன்). வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

கடைசியில் ஒரு டாக்டர் விளக்கினார். நாம் தள்ளாடாமல் நிற்க கண், உள்காது, பாதம் மூன்றும் மூளைக்குச் செய்தி சொல்ல வேண்டும். காது ஒருமுறை ஏமாற்றியதும் மூளை கண்ணையே அதிகம் நம்பத் தொடங்கிவிடுகிறதாம். பக்கத்து ரயில் நகரும்போது நம் ரயில் நகர்வதாகத் தோன்றுமே, அதுபோல, கண்ணெதிரே எல்லாம் அசைகிற இடத்தில் நாமே அசைவதாகப் படுகிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இந்த நிலைக்கு 2017ல் பாரனி சங்கம் என்ற பன்னாட்டு நிபுணர் அமைப்பு வரையறையே எழுதியிருக்கிறது என்றார். அதைக் கேட்டு அழுதுவிட்டேன். நடிப்பு இல்லை என்று முதல்முறை ஒருவர் சொன்னார் அல்லவா.

பயந்து வீட்டிலேயே இருந்தால் இது கூடும் என்பதுதான் எனக்குப் புதிது. கட்டைவிரலை நீட்டி, பார்வையை அதில் வைத்துத் தலையை மட்டும் இடம் வலமாக ஆட்டும் பயிற்சி, மடித்த போர்வை மேல் நிற்கும் பயிற்சி என்று தினமும் செய்தேன். அப்புறம் செவ்வாய்க்கிழமை காலையில், கடை திறக்கும் நேரத்தில், பத்து நிமிடம் மட்டும் ரங்கநாதன் தெரு. தட்டைச் செருப்பு, தூரத்தில் அசையாத ஒரு போர்டைப் பார்த்துக்கொண்டு நடப்பது, பாதம் தரையில் பதிவதைக் கவனிப்பது. பஸ் நிலையம் போக 2023ல் திறந்த ஆகாய நடைபாதை வழியே கைப்பிடி ஓரமாகப் போவேன். பிடிப்பதில்லை, பக்கத்தில் இருக்கிறது என்ற தைரியம்தான். இப்போது முக்கால் மணி நேரம் தாங்குகிறது.

எல்லாத் தலைசுற்றலும் இது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கைகால் மரத்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

தீபாவளிக் கூட்டம் வருகிறது. கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாடிப்படியிலாவது ஓடுகிற விளக்கு வேண்டாம், நின்று எரியட்டும். ஒவ்வொரு மாடியிலும் சுவரோரம் ஒரு ஸ்டூல் போடுங்கள். யாராவது அதில் கண்ணை ஒரு இடத்தில் நிறுத்தி உட்கார்ந்திருந்தால் சோடா கொண்டு ஓடி வராதீர்கள். இரண்டு நிமிடத்தில் எழுந்து நாங்களே வாங்க வருவோம்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
சைதாப்பேட்டை, சென்னை-15