பேக்-12 கான்ஃபரன்ஸை விட்டுப்போன பத்துப் பல்கலைக்கழகத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு,

யூஎஸ்சி, யூசிஎல்ஏ, கொலராடோ, ஓரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா, ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி. ஏறக்குறைய நீங்கள் கிளம்பிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். யாரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. முடிவெடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்று அந்தப் பதவியில் இல்லை. முடிவு மட்டும் அப்படியே நிற்கிறது, ஆகவே நாற்காலிக்கே எழுதுகிறேன்.

நான் ஓரிகன் மாநிலத்தில் வசிப்பவன். தமிழில் எழுதக் காரணம் உண்டு. உங்கள் வளாகங்களில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். சனிக்கிழமையானால் ஊரே ஒரே நிறச் சட்டையில் ஸ்டேடியத்துக்குப் போவதை அவர்களைப் பெற்றவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த ஆட்டத்துக்குப் பின்னால் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அவர்களும் படிக்கட்டும்.

அவர்களுக்காக ஒரு விளக்கம். அமெரிக்கக் கல்லூரிகள் அக்கம்பக்கத்துக் கல்லூரிகளோடு சேர்ந்து ஒரு குழுவாக விளையாடும். அதுதான் கான்ஃபரன்ஸ். இங்கே ஃபுட்பால் என்றால் அமெரிக்க ஃபுட்பால்; நம் கால்பந்துக்கு இங்கே சாக்கர் என்று பெயர். 1915 டிசம்பரில் போர்ட்லாந்தில் கூடி பெர்க்லி, வாஷிங்டன், ஓரிகன், இன்று ஓரிகன் ஸ்டேட் எனப்படும் விவசாயக் கல்லூரி ஆகிய நான்கும் தொடங்கியது பசிபிக் கரை கான்ஃபரன்ஸ். நடுவில் ஒருமுறை கலைந்து, பெயர் பலமுறை மாறி 2011-ல் அது பேக்-12 ஆனது. 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து பேர் கிளம்பினீர்கள். செப்டம்பர் 1-ல் கடைசி இருவரும் போனபின் மிஞ்சியவை ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே.

உங்கள் அறிக்கைகளின் சாரம் இதுதான்: சந்தை மாறிவிட்டது, வேறு வழியில்லை. நான் அதை ஏற்கவில்லை.

சந்தை எப்படி வந்தது என்று பார்ப்போம். 1984 வரை எந்தக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் டிவியில் வரலாம், எத்தனை முறை வரலாம் என்பதை என்சிஏஏ என்ற தலைமை அமைப்பே தீர்மானித்தது. ஒக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டன. உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் பைரன் வைட். கொலராடோ தலைவர் அவர்களே, உங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர், அங்கே ஃபுட்பாலில் பெரிய நட்சத்திரமாக இருந்தவர். இதை வெறும் வியாபாரமாக எடைபோடக் கூடாது, கல்வி நிறுவனங்களின் நோக்கமும் இதில் இருக்கிறது என்பது அவர் வாதம். தோற்றுப்போன வாதம்தான். அவர் படித்த கல்லூரி இரண்டாம் தடவையாக பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போன அன்று எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் டிவி உரிமையைக் கான்ஃபரன்ஸ்களே விற்கத் தொடங்கின. 2011-ல் நீங்களும் ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் என்ற இரண்டு டிவி நிறுவனங்களிடமும் 12 ஆண்டுக்கு ஏறத்தாழ 300 கோடி டாலருக்கு விற்றீர்கள். அன்றைக்குப் பெரிய தொகை. 2012-ல் சொந்தமாக ஒரு சேனல் வரிசையும் தொடங்கினீர்கள். பிக் டென் என்ற கான்ஃபரன்ஸ் தன் சேனலுக்கு ஃபாக்ஸைப் பங்காளியாக வைத்துக்கொண்டது. நீங்கள் யாரையும் சேர்க்காமல் முழுவதும் நமக்கே என்றீர்கள். கடைசிவரை டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி சேவையில் அந்தச் சேனல் வரவே இல்லை. நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு உங்கள் ஆட்டம் எட்டாமல் போனதற்குச் சந்தையா காரணம்?

அடுத்து 2021. ஜூலையில் பிக் 12-ல் இருந்த டெக்சஸும் ஒக்லஹோமாவும் எஸ்இசி என்ற கான்ஃபரன்ஸுக்குப் போகிறோம் என்றன. அங்கே மிஞ்சிய எட்டுப் பேர் தவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நல்லவர்களைச் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு உங்கள் கையில் இருந்தது. விரிவாக்கம் தேவையில்லை என்று ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டீர்கள். இரண்டே ஆண்டில் உங்களில் நான்கு பேர் அதே பிக் 12-ன் வாசலில் நின்றீர்கள்.

அதே ஆகஸ்டில்தான் பிக் டென், ஏசிசி, பேக்-12 மூன்றும் சேர்ந்து ஒரு கூட்டணி என்றார்கள். ஒப்பந்தம் எங்கே என்று கேட்டதற்கு, ஒருவரை ஒருவர் நம்புகிறோம், கையெழுத்து எதற்கு என்ற மாதிரி பதில் வந்தது. எங்கள் ஊரில் தேர்தல் கூட்டணிக்குக்கூட தொகுதிப் பங்கீட்டுத் தாளில் கையெழுத்து வாங்காமல் விட மாட்டார்கள். பத்து மாதம் கழித்து, 2022 ஜூன் 30 அன்று, அந்த நம்பிக்கைக்குரிய பிக் டென் யூஎஸ்சி-யையும் யூசிஎல்ஏ-வையும் தூக்கிக்கொண்டு போனது. ஆகஸ்டில் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் 7 ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் பெறும் ஒப்பந்தத்தை அறிவித்தது. அந்த இரண்டும் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து டிவி வீடுகளும் அந்த விலைக்குள் அடக்கம்.

யூசிஎல்ஏ-வுக்குக் காரணம் இருந்ததை மறுக்கவில்லை. மூன்றே ஆண்டில் உங்கள் விளையாட்டுத் துறையின் பற்றாக்குறை 10 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. இந்தப் பணம் வந்தால் சிறிய விளையாட்டுகளைக் காப்பாற்றலாம் என்றீர்கள். சரி. ஆனால் போனது கூட்டாளிகளுக்குச் சொல்லாமல். யூசிஎல்ஏ-வும் பெர்க்லியும் ஒரே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்கள், ஒரே ஆட்சிக்குழு. அந்தக் குழுவே கடைசியில் தலையிட்டு, தம்பியைத் தவிக்கவிட்டதற்காக யூசிஎல்ஏ பெர்க்லிக்கு ஆண்டுக்கு 1 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தது. (வயதில் பெர்க்லிதான் அண்ணன். பணத்தில் முறை மாறிவிட்டது.)

மிச்சமிருந்த பத்துப் பேருக்கும் அந்த இலையுதிர் காலத்தில் ஈஎஸ்பிஎன் ஆளுக்கு ஆண்டுக்கு 3 கோடி டாலர் தருவதாகச் சொன்னதாகவும், நீங்கள் 5 கோடி கேட்டதாகவும் செய்திகள் வந்தன. ஈஎஸ்பிஎன் எழுந்து போய்விட்டது. பின்னால் நின்ற பிக் 12 முந்திக்கொண்டு, ஆளுக்கு ஏறத்தாழ 3.17 கோடிக்கு அதே ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸோடு முடித்துக்கொண்டது. அடுத்த ஆகஸ்ட் வரை உங்கள் கையில் இருந்தது ஆப்பிளின் திட்டம் ஒன்றுதான். உறுதியான தொகை 2.5 கோடியைத் தாண்டாது, அதற்கு மேல் எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்தது. அது பயமான திட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டெனில் எவ்வளவுக்குச் சேர்ந்தீர்கள்? தொடக்கத்தில் 3 கோடி, மற்ற உறுப்பினர்கள் வாங்குவதில் ஏறத்தாழ பாதி. 108 ஆண்டு உறவை விட்டதில் ஆண்டுக்கு மிஞ்சுவது 50 லட்சம் டாலர் சொச்சம். விமானச் செலவைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள். ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இதைவிட மோசம். அட்லாண்டிக் கரையின் ஏசிசி-யில் ஏழு ஆண்டுக்கு வெறும் 30 சதவீதப் பங்குக்கு ஒப்புக்கொண்டீர்கள். 2025-ல் அங்கேயும் விதி மாறிவிட்டது. யார் ஆட்டத்தை அதிகம் பேர் பார்க்கிறார்களோ அவர்களுக்கு அதிகப் பணம்.

பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் நடக்கவில்லை. பிக் 12-க்குப் போவதாக அறிவித்த சில மாதங்களிலேயே அரிசோனா பல்கலைக்கழகத்தின் கணக்கில் 17.7 கோடி டாலர் துண்டு விழுவது தெரியவந்தது. விளையாட்டுத் துறைக்குக் கொடுத்த கடன்களும் அதற்கு ஒரு காரணம் என்று தலைவரே சொன்னார். 2025-ல் இன்னொரு வேடிக்கை. கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களின் ஓய்வூதிய நிதியைக் கையாளும் அமைப்பு 240 கோடி டாலர் போட்டு பிக் டெனின் வணிகப் பிரிவில் 10 சதவீதம் வாங்கலாம் என்ற பேச்சு. மிச்சிகனும் யூஎஸ்சி-யும் எதிர்த்ததால் நவம்பரில் அது நின்றது.

இதில் யார் நஷ்டப்படுகிறார்கள்? ஃபுட்பால் அணி இல்லை. அது ஒரு சீசனில் நாலைந்து தடவைதான் வெளியூர் போகும், தனி விமானத்தில் போகும். வாலிபால், சாஃப்ட்பால், சாக்கர், டென்னிஸ் பிள்ளைகளின் கதை வேறு. யூசிஎல்ஏ-விலிருந்து நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். ஸ்டான்ஃபோர்டிலிருந்து பாஸ்டன் அதைவிடத் தூரம். மூன்று மணி நேரம் கடிகார வித்தியாசம். வியாழன் புறப்பட்டு ஞாயிறு நள்ளிரவில் திரும்பி திங்கட்கிழமை காலை வேதியியல் பரிட்சை எழுத வேண்டும். அந்த ஆட்டங்களுக்காக எந்த டிவியும் 700 கோடி கொடுக்கவில்லை.

அந்தப் பிள்ளைகள் யார் என்று நினைவிருக்கிறதா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்தவர்கள் மட்டும் 39 பதக்கம் வாங்கினார்கள். இந்தியா முழுவதற்கும் சேர்த்து ஆறு. பேக்-12 தன்னைச் சாம்பியன்களின் கான்ஃபரன்ஸ் என்று சொல்லிக்கொண்டது இந்த நீச்சல், வாட்டர் போலோ, தடகளப் பிள்ளைகளால். யூசிஎல்ஏ-வின் கூடைப்பந்து மேதை பில் வால்டன் அந்தப் பட்டத்தைச் சொல்லாமல் ஒரு வர்ணனையும் முடித்ததில்லை. தன் கல்லூரி பிக் டென் போவதை வெளிப்படையாகவே எதிர்த்தார். பேக்-12 பேஸ்பால் இறுதி ஆட்டம் முடிந்து இரண்டு நாளில், 2024 மே 27 அன்று காலமானார்.

விடப்பட்ட இருவரின் நிலையும் தெரியும்தானே. ஓரிகன் ஸ்டேட் தன் ரீசர் ஸ்டேடியத்துக்கு 16 கோடி டாலர் செலவழித்துப் புதுப்பித்து முடித்த அதே 2023-ல் கான்ஃபரன்ஸ் கலைந்துபோனது. வாஷிங்டன் ஸ்டேட் 2025 ஜூனில் தடகளத்தில் எறிதலையும் தாண்டுதலையும் நிறுத்திவிட்டது. இவர்களும் பரிசுத்தம் இல்லை. மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸிலிருந்து ஐந்து கல்லூரிகளைத் தங்கள் பேக்-12-க்கு இழுத்துக்கொண்டு, அப்படி இழுத்தால் அபராதம் என்று தாங்களே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்கும் போட்டார்கள். உங்களிடம் கற்றதை உடனே செய்துகாட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது முதல் தடவையும் இல்லை. 1950-களில் வீரர்களுக்குத் திருட்டுத்தனமாகப் பணம் கொடுத்தது வெளியாகி, அந்தச் சண்டையில் 1959-ல் பழைய கான்ஃபரன்ஸ் கலைந்தது. பெரிய கல்லூரிகள் ஐந்தும் புதிதாக ஒன்றைத் தொடங்கின. வெளியே விடப்பட்டவை ஓரிகன், ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட், ஐடஹோ. மூன்றும் 1964-க்குள் திரும்ப வந்தன. ஐடஹோ வரவே இல்லை. ஓரிகன் தலைவர் அவர்களே, வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்கள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2025-26-ல் ஒவ்வொரு கல்லூரியும் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்று 2025-ல் நீதிமன்றமே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை, உழைப்பவர்களுக்குப் போகட்டும். அன்று குற்றமாக இருந்தது இன்று பட்ஜெட் தலைப்பு, அவ்வளவுதான்.

என் கோரிக்கை சிறியது. போன ஃபுட்பாலைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை. மற்ற விளையாட்டுகளைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

இது கற்பனை இல்லை. யூசிஎல்ஏ, யூஎஸ்சி, ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி நால்வரும் வாட்டர் போலோவை இன்றும் மவுண்டன் பசிபிக் ஸ்போர்ட்ஸ் ஃபெடரேஷன் என்ற மேற்குக் கரைக் கூட்டமைப்பில்தான் ஆடுகிறீர்கள். பிக் டென்னும் ஏசிசி-யும் அந்த விளையாட்டை நடத்துவதில்லை, ஆகவே யாரும் தடுக்கவில்லை. நோட்ரடேமைப் பாருங்கள். ஃபுட்பாலில் தனியாள், என்பிசியோடு தனி ஒப்பந்தம். மற்ற பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ஏசிசி. ஐஸ் ஹாக்கிக்கு மட்டும் பிக் டென். ஒரே பல்கலைக்கழகம் மூன்று ஏற்பாட்டில் வாழ முடிகிறது. சாஃப்ட்பாலும் வாலிபாலும் சாக்கரும் சியாட்டிலிலிருந்து வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மனுக்கும், டூசானிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கும் போய்வர ஒரு கூட்டமைப்பை உங்களால் எழுத முடியாதா?

பிக் டென்னின் இப்போதைய டிவி ஒப்பந்தம் 2029-30 சீசனோடு முடிகிறது. பிக் 12-க்கு அதற்கு அடுத்த ஆண்டு. புதிய பேரம் அதற்கு வெகு முன்பே தொடங்கும். அந்த மேசையில் உட்காரும்போது இந்த விளையாட்டுகளை விலக்கும் ஒரு பிரிவைக் கேளுங்கள். டிவிக்காரர்கள் மறுக்க மாட்டார்கள். அவர்கள் காசு கொடுப்பது ஃபுட்பாலுக்கும் கொஞ்சம் கூடைப்பந்துக்கும்தான்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. ஓரிகன் இருக்கும் யூஜீனுக்கும் ஓரிகன் ஸ்டேட் இருக்கும் கொர்வாலிஸுக்கும் இடையே காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஓரிகனும் ஓரிகன் ஸ்டேட்டும் 1894-ல் தொடங்கி, 1945 முதல் ஒரு வருடமும் விடாமல் ஆடிய ஃபுட்பால் ஆட்டம் 2026 அட்டவணையில் இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகம் வாஷிங்டன் ஸ்டேட்டோடு தன் ஆட்டத்தை 2028 வரை ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறது. ஓரிகன் தலைவர் அவர்களே, அதே ஒப்பந்தத்தின் நகலை வாங்கி ஊர்ப் பெயரை மாற்றினால் போதும்.

இப்படிக்கு,
ஓரிகன் மாநிலத்தில் வரி கட்டும் ஒரு தமிழன்