நெகட்டிவ் என்று நான் எழுதிய ரிசல்ட்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேகப்புண், அதாவது சிபிலிஸ் பற்றி யார் எழுதினாலும் உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பில்லாத சிவந்த தடிப்பு வரும் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். சரிதான். ஆனால் எச்ஐவி உள்ளவர்களுக்கு அது எப்போதும் அவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. நான் ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன். இதில் ஒருமுறை ஏமாந்தவன்.

ரத்தம் கொடுக்க வந்தவர் சட்டைக் கையை மடித்தார். முழங்கையைச் சுற்றிக் காசளவு புண்கள். மேலே கருத்த பொருக்கு, சிப்பி ஓடு போல அடுக்கடுக்காக. ஊசி குத்த நல்ல தோலைத் தேட வேண்டியிருந்தது. சொரியாசிஸ் என்று சொல்லி மாதக்கணக்கில் களிம்பு தடவியிருக்கிறார். எச்ஐவிக்கு மாத்திரை எடுப்பதாக அவரே சொன்னார். உள்ளங்கையில் ஒன்றுமே இல்லை.

சிபிலிஸைக் கண்டறியும் ஆர்பிஆர் என்ற டெஸ்டின் அட்டையில் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) விட்டு, கரித்துகள் கலந்த ஆன்டிஜென் சொட்டுச் சேர்த்து, 8 நிமிடம் சுழற்றினேன். கரித்துகள் திரண்டால் பாசிட்டிவ். கரித்துகள் திரளவில்லை. ஓரத்தில் மட்டும் லேசான சொரசொரப்பு. அதை நான் மதிக்கவில்லை. நெகட்டிவ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் தோல் மருத்துவர் போனில் கேட்டது ஒரே கேள்வி: "டைல்யூட் பண்ணிப் பார்த்தீங்களா?"

அதே சீரத்தை 16 மடங்கு நீர்க்கவைத்தேன். கரித்துகள் கட்டிகட்டியாகத் திரண்டு நின்றது. ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருள், அளவுமீறி இருந்தால் அது ஆன்டிஜெனோடு வலைபோலப் பின்னிக்கொள்ள முடியாது. நோய் தீவிரமாக இருக்கும் நேரத்திலேயே டெஸ்ட் 'இல்லை' என்று பொய் சொல்லலாம். இதற்கு புரோசோன் என்று பெயர். படித்த விஷயம்தான், கை மறந்துவிட்டது.

அவருக்கு பென்சதீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், இரண்டு பக்கப் பிட்டத்திலும் பாதிப்பாதியாகப் போட்டார்கள். அன்று இரவே காய்ச்சலும் நடுக்கமும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்துவிட்டார். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது அப்படித்தான் வரும், ஒரு நாளில் அடங்கும் என்று முன்பே சொல்லியிருக்கலாம். அப்புறம் சில வாரங்களில் பொருக்கு உதிர்ந்தது, தழும்பு நின்றது. ஊசியோடு முடிவதில்லை, ஆர்பிஆர் அளவு இறங்குகிறதா என்று இரண்டு வருடம் வரை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

மருத்துவர்களிடம் ஒன்று கேட்கிறேன். களிம்புக்கு அடங்காத புண்ணோடு இப்படி ஒருவர் வந்தால் ரத்தம் அனுப்புங்கள். சீட்டில் எச்ஐவி என்று எழுதி ஊருக்குக் காட்ட வேண்டாம். 'டைல்யூட் செய்து பார்க்கவும்' என்று எழுதினால் லேபில் இருப்பவருக்குப் புரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்