ரசீதில் உள்ள அந்த ஒரு வரியை மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, பணம் திருப்பித் தரப்படாது.’ சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலும் அக்கம்பக்கக் கடைகளிலும் ரசீதின் அடியில் காணக்கூடிய வாசகம் இது. வாங்கியவர் மனம் மாறினால் இது செல்லும். பழுதான பொருளை விற்றவர் இதைக் காட்டித் தப்ப முடியாது. பொருளின் தரத்துக்கான பொறுப்பைப் பயனீட்டாளரிடம் தட்டிக்கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. இருந்தும், ரசீதைக் காட்டியதும் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள்.

2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, பழுதான பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டப்படி, பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுது, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள், அவர் செலவில், நியாயமான காலத்துக்குள். அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ, பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணமோ கேட்கலாம். பயன்படுத்திய காலத்துக்காக ஒரு தொகை கழிக்கப்படலாம். கடையில் வாங்கிய பழைய கைத்தொலைபேசிக்கும் காருக்கும்கூட இது பொருந்தும், அவற்றின் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரம் என்ற அளவில். ‘ஏழு நாள் உத்தரவாதம் முடிந்துவிட்டது’, ‘தயாரிப்பாளரிடம் போங்கள்’ என்பதெல்லாம் பதிலாகாது.

சந்தையைக் கண்காணிப்பதில் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்தைக் குறை சொல்ல முடியாது. 2018 செப்டம்பரில் மட்டும் கோழி விநியோகிப்பாளர்கள் 13 பேருக்கு ஏறத்தாழ 27 மில்லியன் வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்), வாடகைக் கார் செயலி நிறுவனங்களான கிராப், ஊபர் இரண்டுக்கும் சேர்த்து 13 மில்லியன் வெள்ளியும் அபராதம் விதித்தது. ஆனால் பழுதான சலவை இயந்திரத்தின் பணத்தை அது வாங்கித் தராது. இத்தகைய புகார்களில், விடாமல் ஏமாற்றும் கடைகள்மீது நீதிமன்றத் தடையுத்தரவு கேட்பதே அதன் வேலை. பயனீட்டாளர் சங்கமான கேஸ் சமரசம் பேசும், கட்டளையிட முடியாது.

எஞ்சியிருப்பது சிறு கோரிக்கை நடுவர் மன்றம். வரம்பு 20,000 வெள்ளி. இருதரப்பும் ஒப்பினால் 30,000. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யவேண்டும். வழக்கறிஞருக்கு இடமில்லை. 5,000 வெள்ளி வரையிலான பயனீட்டாளர் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். மலிவான வழி, ஆனால் தாள்களில் சறுக்கல் வருகிறது. பெயர்ப்பலகையில் ஒரு பெயர், நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிவான நிறுவனத்துக்கு வேறு பெயர். பலகைப் பெயரை எழுதிக்கொண்டு போனால் உத்தரவு யார்மேல் பாயும்? ஐந்தாவது மாதத்தில் வாய்மொழியாகச் சொன்ன புகாருக்குச் சாட்சி கிடையாது. அன்றே வாட்ஸ்அப்பில் காணொளியோடு அனுப்பினால் தேதி நிற்கும். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது தேதி, வரிசை எண், கோளாறு மூன்றும் எழுதிய சீட்டை வாங்கவேண்டும். அதற்கு முன் வேறு கடையில் பிரித்துப் பார்த்தால், பழுதுக்கு அந்தக் கடையே காரணம் என்று விற்றவர் சொல்ல வழிவிட்டதாகிவிடும்.

இந்தத் தொல்லையில் பாதியை வர்த்தக, தொழில் அமைச்சு ரசீதிலேயே தீர்க்கலாம். பதிவான பெயர், பதிவு எண், ஆறு மாத விதி ஆகியவற்றை ரசீதில் கட்டாயமாக்கவேண்டும், விதியை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும். ரசீது இயந்திரத்தில் ஒருமுறை மாற்றினால் போதும். சிறு கடைக்கும் இது சுமையல்ல. வாங்குபவருக்கு உள்ள உரிமையை இல்லை என்று காட்டுவது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஏற்கெனவே முறையற்ற செயல்தான். பழுதான பொருளுக்கும் சேர்த்து ‘திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிடும் கடைகளிடம் ஆணையம் அந்த அட்டவணையிலிருந்தே தொடங்கலாம்.

வாசகர்,
ஈசூன்