அம்மாவின் தலைமாட்டில் நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கடந்த மாதம் உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டில் மாலை விளக்கேற்றும்போது சேலைத் தலைப்பில் தீப்பற்றி, என் தாயாரின் மார்பும் இடக்கையும் கடுமையாக எரிந்துபோயின. தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்து, தங்கள் முச்சக்கரவண்டியிலேயே அவரை வைத்தியசாலையில் சேர்ப்பித்த அயலவர்களுக்கும், குருதி தந்த இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

தோல் ஒட்டிய சத்திரசிகிச்சை நிபுணரை உறவினர் எல்லோரும் விசாரித்து வாழ்த்தினார்கள். மயக்க மருந்து வைத்திய நிபுணரையும் அவருடன் நின்ற தாதியரையும் எவரும் விசாரிக்கவில்லை என்பதாலேயே இம்மடலை எழுதுகிறேன்.

தோல் எரிந்த உடலால் தன் சூட்டைத் தக்கவைக்க இயலாது என்பதையும், மயக்கத்தில் நடுக்கமும் நின்றுவிடுவதால் உடல் தானாகச் சூடேற வழியில்லை என்பதையும், உள்வெப்பநிலை 36 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் குருதி உறைவது குறைந்து குருதிப்பெருக்கு கூடும் என்பதையும் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் மாலை அந்த நிபுணர் என்னை இருத்தி, பொறுமையாக விளங்கப்படுத்தினார். அதற்காகவே அறையை ஏறத்தாழ 30 பாகையில் வைத்து, சலைனையும் குருதியையும் சூடாக்கியே ஏற்றினார்கள். உணவுக்குழாயில் இறக்கிய மெல்லிய வெப்பமானியைக் கண் எடுக்காமல் கவனித்தார்கள். மூன்று மணித்தியாலம் அந்த வெக்கையில் நின்றுவிட்டு வெளியே வந்த தாதியின் உடை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

மார்பில் ஈசிஜி ஒட்டிகளுக்கு இடமில்லாதபடியால் அவற்றை முதுகில் ஒட்டியே இதயத்துடிப்பைப் பார்த்திருக்கிறார்கள். பின்னர் அம்மாவைத் துடைத்துவிடும்போது, தோள்பட்டைக்குக் கீழே சிவந்து பதிந்திருந்த மூன்று வட்டங்களை விரலால் தொட்டுப் பார்த்தேன். எரிகாயம் பட்டுச் சில நாட்களான உடலில், வழக்கமான தசைதளர்த்தி மருந்தொன்று குருதியின் பொட்டாசியத்தைத் திடீரென உயர்த்தி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும் என்று அறிந்து அதைத் தவிர்த்ததும் அவர்களே.

வெப்பநிலை 35.6 பாகைக்கு இறங்கியதும், கைக்குத் தோல் ஒட்டுவதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம் என்று மயக்க மருந்து நிபுணர் கேட்க, சத்திரசிகிச்சை நிபுணரும் உடனே இணங்கினாராம். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அன்று அது பெரும் ஏமாற்றமாக இருந்தது. அந்த நிறுத்தம்தான் அம்மாவை எங்களுக்குத் திருப்பித் தந்தது என்று இன்று உறுதியாக நம்புகிறேன். ஐந்து நாள் கழித்துக் கையும் நல்லபடியாக முடிந்தது.

நேற்று அம்மா அந்த இடக்கையாலேயே தேநீர்க் கோப்பையைப் பிடித்தார். மயக்கத்தில் இருந்தபடியால் உங்கள் முகங்கள் அவருக்குத் தெரியாது. அடுத்த கிளினிக் நாளில் உங்களை நேரில் காண வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நன்றியுடன்,
மகள்
உப்புவெளி, திருகோணமலை