சிங்காரவேலர் மாளிகையில் சிங்காரவேலரும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒரு சான்றிதழ் வேலையாக ராஜாஜி சாலைக்குப் போனேன். ஆட்டோ ஓட்டுநரிடம் "சிங்காரவேலர் மாளிகை" என்றதும், கொஞ்சம் யோசித்துவிட்டு "கலெக்டர் ஆபீஸ்தானே சார்?" என்றார். அவர் மேல் தப்பில்லை. கூட வந்த, கல்லூரியில் படிக்கும் என் மகளே "யாருப்பா அவர்?" என்றுதான் கேட்டாள். அவளுக்குக் காட்ட ஒரு படமோ நாலு வரிக் குறிப்போ இருக்குமா என்று உள்ளே தேடினேன். என் கண்ணில் பட்டது பெயர் மட்டும்தான்.

சரி என்று வரிசையில் நிற்கும்போது நானே சொன்னேன். 1860-இல் சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் ம. சிங்காரவேலர். வக்கீல் தொழிலில் நல்ல நிலையில் இருந்தவர், ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது அந்தத் தொழிலையே உதறிவிட்டார். 1923 மே 1 அன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணி கடற்கரையில் இன்னொரு கூட்டம் என்று அவர் ஏற்பாடு செய்தார். இந்தியாவில் மே தினம் கொண்டாடியது அதுதான் முதல் முறை. "அந்த ஹைகோர்ட், இங்கிருந்து நடந்தே போய்விடலாம்" என்றேன். மகள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

1928-இல் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றதற்காகச் சிறைக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 68! அப்புறம் வெளியே வந்து, 'குடி அரசு' இதழில் அறிவியலைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியும் தமிழில் எழுதினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். தான் படித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. திங்கட்கிழமைகளில் மனுவோடு வந்து காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அவர் யாருக்காக உழைத்தாரோ அந்த மக்கள்தான். அவர்கள் உட்காரும் இடத்தில், சுவரில், அவருடைய படமும் வாழ்க்கைக் குறிப்பும் வேண்டும். வயதானவர்களும் கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி பெரிய எழுத்தில், நல்ல தமிழில் இருக்கட்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. பிப்ரவரி 18 அவர் பிறந்த நாள். அன்றைக்கு வடசென்னைப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து அதைத் திறந்துவைக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராயபுரம், சென்னை