சாக்ஸபோன் வந்த பிறகு மறுபடி வாசி

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு பாட்டும் எழுதி முடித்தாயிற்று, விருந்தினர் கலைஞர்களிடம் பேசியும் வைத்தாயிற்று என்று எழுதியிருந்தாய். டிரம்ஸும் பேஸும் சென்னை ஸ்டூடியோவில். ஆல்ட்டோ சாக்ஸபோனும் கிட்டாரும் வெளியூரில், அவரவர் வீட்டிலிருந்தே. ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஏழு எண்ணும் 7/8-இல் போகும் மூன்றாவது பாட்டுக்கு மட்டும் மிருதங்கம். டெமோவை இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மெட்டுகள் நிற்கின்றன, குறிப்பாக மூன்றாவது. ஒரே ஒரு கவலைதான். டெமோவில் ரோட்ஸ் (எலெக்ட்ரிக் பியானோ), ஆர்கன், பேட் (பின்னணியில் நீளும் ஒலி), லீட் சிந்த் (மெட்டு வாசிக்கும் சிந்தசைசர்) என்று கீபோர்டிலேயே நான்கு அடுக்கு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. பந்தியில் எல்லா இலைக்கும் ஆள் வந்துவிட்டால் அழைத்த விருந்தாளி எங்கே உட்காருவார்?

கீபோர்டுக்காரர் சொந்தக் காசில் போடும் ஃப்யூஷன் ஆல்பம் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வாசிப்பில் குறை இருக்காது. பத்து விரலுக்கும் வேலை கொடுத்து டெமோ செய்து பழகியதால் பேஸ், கிட்டார், பிராஸ் எல்லாவற்றையும் கையே வாசித்துவிடுகிறது. உண்மையான வாத்தியம் வரும்போது அந்த அடுக்குகளை எடுக்க மனம் வருவதில்லை. ஹெர்பி ஹான்காக் 1973-இல் வெளியிட்ட ‘ஹெட் ஹன்டர்ஸ்’ ஆல்பத்தை இந்தக் காதோடு ஒருமுறை கேள். அந்தக் குழுவில் கிட்டாரே கிடையாது. கிட்டார் வெட்ட வேண்டிய ரிதத்தைக் கிளாவினெட் என்ற எலெக்ட்ரிக் கீபோர்டு வெட்டுகிறது. முதல் பாட்டின் அந்தப் பிரபலமான பேஸ் வரியையும் ஆர்ப் ஒடிஸி சிந்த்தில் அவரே வாசித்தார். எந்த இடம் யாருக்கு என்பது முதலிலேயே முடிவாகியிருக்கிறது. உன் ஆல்பத்தில் கிட்டார் உண்டு. அப்படியானால் கிளாவினெட் பேட்சை (அந்த ஒலித் தேர்வை) மூடிவிடு.

சரி, யாருக்கும் அனுப்புவதற்கு முன் கைடு ட்ராக்கில், அதாவது மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வாசிக்கும் வழிகாட்டிப் பதிவில், என்ன இருக்க வேண்டும்? நீ அனுப்பிய டெமோவின் மூன்றாவது பாட்டு ஈ மைனர். சோலோ பகுதியில் பி7 கார்ட் வரும்போது உன் பேட், சி ஷார்ப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதாவது இயல்பான ஒன்பதாவது சுரம். மைனருக்குத் திரும்பும் பி7-இல் சாக்ஸ் வாசிப்பவர் பழக்கத்தால் ஃபிளாட் நைனுக்கு (ஒரு செமிடோன் இறக்கிய ஒன்பதாவதுக்கு) போவார், அது சி. உன் சி ஷார்ப்பும் அவருடைய சி-யும் ஒரு செமிடோன் இடைவெளியில் உரசும். அவர் அதைக் காதில் கேட்டதும் பாதுகாப்பாக வாசிக்கத் தொடங்கிவிடுவார். டேக் மந்தமாக வரும். எதனால் என்று உனக்குப் பிடிபடாது. ஆகவே கைடில் பி7-க்கு பி, டி ஷார்ப், ஏ மூன்று சுரம் போதும். ஒன்பதும் பதின்மூன்றும் அவர் கையில் இருக்கட்டும். மற்ற கார்டுகளுக்கும் அப்படியே, மூன்றாவதும் ஏழாவதும் தெரிந்தால் போதும்.

இடது கையையும் கட்டிப்போடு. நடு சி-க்குக் கீழே ஒரு ஆக்டேவைத் தாண்டி இறங்காதே. நான்கு கம்பி பேஸின் அடி ஈ 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பி பேஸின் அடி பி 31 ஹெர்ட்ஸ். அந்த வீடு பேஸுக்குச் சொந்தம். கார்டின் ஆதாரச் சுரமான ரூட்டை பேஸ்காரர் வாசிப்பார். நீ ஈ மைனர் 9-க்கு ஜி, பி, டி, எஃப் ஷார்ப் மட்டும் வாசித்தால் கார்ட் முழுசாகவே கேட்கும்.

இனி நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். சாக்ஸ் சோலோவும் கிட்டார் சோலோவும் வந்து சேர்ந்த பிறகு, உன் கம்பிங் (சோலோவுக்குப் பின்னால் கார்ட் வாசிப்பது) முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி வாசி. ஜாஸின் உயிரே ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்வதுதான். தனித்தனி ஊரில் வாசிக்கும்போது முதலில் சாவது அதுதான். சாக்ஸ்காரர் உன் கைடுக்குப் பதில் சொல்லியிருப்பார். அவருக்கு நீ பதில் சொல்லியிருக்க மாட்டாய். ஒருதலைப் பேச்சாகவே நின்றுவிடும். கைடு கம்பிங்கை ம்யூட் செய்து, வந்த சோலோவை வாசிக்காமல் மூன்று முறை கேள். அவர் எங்கே மூச்சு விடுகிறார், எந்த சொற்கட்டைத் திரும்பச் சொல்கிறார், எந்தப் பாரில் உச்சிக்குப் போகிறார் என்று சார்ட்டில் (கார்ட் எழுதிய தாளில்) பென்சிலால் குறி. பிறகு அந்த மூச்சு இடைவெளிகளில் மட்டும் வாசி. அவர் பி7-இல் சி போயிருந்தால் இப்போது நீயும் சி வைக்கலாம், தைரியமாக. முதல் கோரஸில் (சோலோவின் முதல் சுற்றில்) நான்கு பாருக்கு ஒருமுறை தொட்டாலே போதும். இதற்கு ஒரு பாட்டுக்கு அரை நாள் ஆகும், செலவு எதுவும் கிடையாது. முடிந்தால் டிரம்மரையும் அந்த ஒரு கோரஸுக்குத் திரும்ப வாசிக்கச் சொல். உச்சியில் ஸ்னேர் பதில் சொல்வதும் சொல்லாததும் இரவும் பகலும் போல.

அப்படி மறுபடி வாசிக்க முடிய வேண்டுமென்றால் பதிவின் வரிசை சரியாக இருக்க வேண்டும். க்ளிக்கும் (வேகம் காட்டும் மெட்ரோனோம் தட்டு) மெலிந்த கைடும் முதலில். அடுத்து டிரம்ஸ், பேஸ், நீ மூவரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். உன் கீபோர்டு மைக் இல்லாமல் நேராக டிஐ பெட்டி வழியாக உள்ளே போவதால் டிரம்ஸ் மைக்குகளில் ஒரு துளியும் கசியாது. பியானோக்காரருக்கு இல்லாத வசதி இது, விட்டுவிடாதே. மிடியையும் (எந்தச் சாவி எப்போது அழுந்தியது என்ற குறிப்பு) சேர்த்துப் பதிவு செய், பின்னால் ரோட்ஸ் டோன் பிடிக்காவிட்டால் மாற்றலாம். கம்ப்யூட்டர் ஒலியை அள்ளி எடுக்கும் பஃபர் 128 சாம்பிளுக்கு மேல் வேண்டாம்; 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிசெகண்ட் வரும், உள்ளே போய் வெளியே வரும் மொத்தத் தாமதம் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். மூடிய ஹெட்ஃபோன்தான் எல்லாருக்கும். கடைசி சிம்பல் அடங்கும் இடத்தில் க்ளிக்கை நிறுத்த மறக்காதே. பத்து செகண்ட் நீளும் அந்த அமைதியில் டிரம்மரின் ஹெட்ஃபோனிலிருந்து ‘டிக் டிக்’ என்று டிரம்ஸுக்கு மேலே நிற்கும் ஓவர்ஹெட் மைக்கில் ஏறிவிட்டால் எந்தப் ப்ளக்-இன்னாலும் சுத்தமாக எடுக்க முடியாது.

டிரம்ஸுக்குச் சுமார் 10 மைக் என்று வைத்துக்கொள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 8.6 மெகாபைட். ஏழு நிமிடப் பாட்டு ஒரு டேக் 600 மெகாபைட். ஆறு பாட்டு, மூன்று டேக் என்றால் டிரம்ஸ் மட்டுமே 11 ஜிகாபைட் பக்கம். இரண்டு டிஸ்க் எடுத்துப் போ, அன்றைக்கே இரண்டிலும் நகல் எடுத்துக்கொண்டு கிளம்பு.

வெளியூர் விருந்தினருக்கு அனுப்பும்போது அவர்கள் காதில் க்ளிக் மட்டும் கேட்கக் கூடாது, உண்மையான டிரம்ஸும் பேஸும் கேட்க வேண்டும். டிரம்மர் க்ளிக்குக்கு ஒரு இழை பின்னால் சாய்ந்து வாசித்திருப்பார், அந்தச் சாய்வில்தான் அவர்கள் உட்கார வேண்டும். மூன்று ஃபைல் அனுப்பு: கைடு கலவை, அவருடைய மெலடி இல்லாத கலவை, க்ளிக் தனியாக. மூன்றும் சுருக்காத டபிள்யூஏவி (WAV), மூன்றும் ஒரே புள்ளியில் தொடங்கி, இரண்டு பார் எண்ணிக்கையோடு. எம்பி3 வேண்டவே வேண்டாம். எம்பி3 ஆக்கும்போது தலையில் வெற்று இடம் சேர்ந்துவிடுகிறது, வழக்கமாக 25 மில்லிசெகண்ட் அளவில். 120 டெம்போவில் ஒரு பதினாறாம் நோட் 125 மில்லிசெகண்ட். ஆக, அவர் கச்சிதமாக வாசித்ததும் உன் செஷனில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி விழும். நீ ‘லேட்டாக வாசிக்கிறார்’ என்று நினைப்பாய், பாவம்.

சாம்பிள் ரேட்டையும் எழுதியே அனுப்பு. அவர் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்து அனுப்பியதை 48 செஷனில் மாற்றாமல் போட்டால் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் வேகமாகவும் ஒன்றரை செமிடோன் உயரமாகவும் ஓடும். இது உடனே தெரிந்துவிடும், பயமில்லை. தெரியாமல் போவது சின்னச் சின்னத் தாமதம்தான். அதற்கு ஒரு எளிய வழி: எண்ணிக்கையின் இரண்டு பாரிலும் ஹெட்ஃபோனை மைக்கின் முகத்தில் பிடித்து க்ளிக்கைப் பதிவு செய்யச் சொல். வந்த ஃபைலின் க்ளிக்கை உன் க்ளிக்கோடு பொருத்தினால் அவர் கம்ப்யூட்டரின் தாமதம் அப்படியே தெரிந்துவிடும், ஒரே நகர்த்தலில் சரியாகும்.

ஆல்ட்டோவின் சுரப் பெயர் கீபோர்டோடு ஒத்துப்போகாது, அதனால் அதற்குக் கொடுக்கும் சார்ட்டை நீயே மாற்றி எழுது. உன் ஈ மைனர் அவருக்கு சி ஷார்ப் மைனர். பின்னால் டெனர் எடுத்தால் எஃப் ஷார்ப் மைனர். மைக்கை சாக்ஸின் மணிக்குள் (விரிந்த வாய்க்குள்) நேராக நீட்ட வேண்டாம் என்றும் சொல்லி வை. சாக்ஸின் ஒலி துளைகள் வழியாகவும் வருகிறது. மணிக்குள் நீட்டினால் அடிச் சுரங்கள் மட்டும் குதிக்கும். ஓர் அடி, ஒன்றரை அடி தள்ளி, நடுச் சாவிகளைப் பார்த்து வைத்தால் போதும். ரிவெர்ப் இல்லாமல், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல், வெட்டி ஒட்டாமல் மூன்று முழு டேக். கிட்டார்காரரிடம் ஆம்ப் ட்ராக்கோடு டிஐ-யையும் கேட்டு வாங்கு.

மிருதங்கத்துக்கு வருகிறேன். இங்கே அவசரப்பட்டால் பாட்டு கெடும். ஈ மைனர் என்றால் வலந்தலை (வலப்பக்கத் தோல்) மூன்று கட்டைக்கு, அதாவது ஈ-க்கு, சேர்ந்திருக்க வேண்டும். ஒரு கட்டை (சி) மிருதங்கத்தோடு வந்து நின்றால் வாரைத் தட்டி அங்கே ஏற்ற முடியாது, வேறு வாத்தியமே வேண்டும். ஒரு வாரம் முன்பே சொல். சுருதிப் பெட்டியை நம்பாமல், ஏ 440-க்கு வைத்த ட்யூனரில் பார்த்துச் சேர்க்கச் சொல். பெட்டியின் நுண்சுருதித் திருகு எங்கேயாவது நகர்ந்திருக்கும். அடுத்தது கார்ட். வலந்தலையில் ஈ நின்று ஒலிக்கும். ஈ மைனர், ஏ மைனர், சி மேஜர் 7 எல்லாவற்றிலும் ஈ உண்டு, சுகமாக இருக்கும். பி7-இல் அது உன் டி ஷார்ப்போடு உரசும். பிரிட்ஜில் (பாட்டின் நடுப் பகுதியில்) நீ ஏ ஃபிளாட்டுக்குத் தாவுகிறாயே, அங்கே சுத்தமாக ஒட்டாது. அந்தப் பார்களைச் சார்ட்டில் காட்டி, நாதம் நீளும் சாப்பு, தீம் அடிகள் இல்லாமல், மூடிய சொற்களும் இடப்பக்கத் தோலான தொப்பியுமாக வாசிக்கச் சொல். அல்லது பிரிட்ஜில் மிருதங்கத்துக்கு ஓய்வு கொடு. எனக்குப் பிடித்தது ஓய்வுதான், திரும்பி வரும்போது அதன் அழகே தனி.

க்ளிக்கும் ஒரு விஷயம். டெமோவில் ஏழை 2+2+3 என்று அழுத்தம் கொடுத்திருக்கிறாய். மிருதங்கக் கலைஞர் உடம்பில் மிஸ்ர சாப்பு தகிட தக திமி, அதாவது 3+2+2. உன் மெலடி எப்படிப் பிரிகிறது என்று பாடிப் பார்த்து ஒரே கணக்குக்கு வா. கோர்வை (முடிவுக்குக் கொண்டுவரும் தாளக் கணக்கு) வைக்கச் சொன்னால் அது எந்தப் பாரின் எந்த எண்ணில் எடுப்புக்கு (பாட்டு தொடங்கும் இடத்துக்கு) வர வேண்டும் என்பதையும் சொல்.

மிக்ஸில் அதிகம் சொல்லத் தேவையில்லை. கீபோர்டு பேட்ச்களோடு வரும் கோரஸ், ரிவெர்ப் எஃபெக்ட் எல்லாவற்றையும் அணை. சோலோ நடக்கும்போது ரோட்ஸை மோனோவாக்கி ஒரு பக்கம் தள்ளு. கிக், தொப்பி இரண்டில் எது அடியில் என்று முடிவு செய். ஒருமுறை முழுவதையும் மோனோவில் கேள், ஸ்டீரியோ ட்ரெமோலோ (இடம் வலமாக ஆடும் ஒலி) அங்கே காணாமல் போயிருந்தால் மறுபடி பார். மாஸ்டர் செய்பவரிடம் சத்தம் கூட்டச் சொல்லாதே. ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்-க்கு (கேட்கும் சத்தத்தின் அலகு) இறக்கிவிடும். மைனஸ் 9-இல் கொடுத்தால் ஐந்து டெசிபல் குறைத்துத்தான் ஒலிக்கும், நசுங்கியது மட்டும் மிஞ்சும்.

பணம். வாசிப்பதற்கு முன்பே ஒரு பக்கக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கு: சம்பளம் எவ்வளவு, இசையமைப்பில் பங்கு உண்டா, பெயர் எப்படி வரும். சோலோ வாசித்ததற்கு இசையமைப்புப் பங்கு வழக்கமில்லை. ஆனால் மிருதங்கக் கலைஞர் கொடுத்த கோர்வையை நீ மெலடியாக்கினால் அந்தப் பங்கு அவருக்குச் சேர வேண்டும், தயங்காதே. ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமாக ஒரு ஐஎஸ்ஆர்சி எண், இசையமைப்பாளராக ராயல்டி வசூலிக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் பதிவு. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் காசு. ஏழு நிமிடப் பாட்டும் இரண்டு நிமிடப் பாட்டும் அங்கே ஒரே எண்ணிக்கை. ஆல்பத்தை நேராக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும்; பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதி உனக்கு. உன் போன்ற ஆல்பத்துக்கு முதல் கடை அதுதான்.

மூன்றாவது பாட்டின் கைடை மட்டும் மெலித்து இந்த வாரம் அனுப்பு. பி7-ஐத்தான் முதலில் கேட்பேன்.

அன்புடன்,
அண்ணன்