தொண்டு நிறுவனக் கோப்புகளைச் சோமாலியாவின் கெடோ மக்களும் படிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டு நிறுவனங்களின் பழைய ஆவணங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் இவையெல்லாம் வரவு செலவுக் கணக்குகள், ஆய்வாளர்களைத் தவிர வேறு யாருக்கும் பயன்படாது என்று முடித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

அயர்லாந்தின் ட்ரோகரே தொண்டு அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973இல் அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் தொடங்கியது. அதன் ஆவணங்கள் இப்போது மேனூத் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு அதன் அட்டை உண்டியல் ஒன்று வரும். குடும்பமே அதில் காசு சேர்த்துக் கொடுக்கும். ஆனால் ஏழை நாடுகளுக்கு உதவுவதை வெறும் தர்மமாக ஆயர்கள் நினைக்கவில்லை. அது நீதி சார்ந்த கடமை என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்தார்கள்.

அது எவ்வளவு தூரம் போனது பாருங்கள். 1980 மார்ச் 24 அன்று மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில், ஏழைகளுக்காகக் குரல் கொடுத்த பேராயர் ஆஸ்கர் ரொமேரோ திருப்பலியின்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறு நாள் கழித்து நடந்த அடக்கச் சடங்கில் குண்டு வெடித்து, துப்பாக்கிச் சூடும் நடந்து, கூட்டத்தில் பலர் இறந்தார்கள். ட்ரோகரேயின் அப்போதைய தலைவரும் அயர்லாந்தின் கால்வே நகர ஆயருமான ஏமன் கேசி அன்று அங்கே இருந்தார். 1984இல் அமெரிக்க அதிபர் ரீகன் கால்வேக்கு வந்தபோது, மத்திய அமெரிக்காவில் அவருடைய அரசு நடந்துகொண்ட விதத்தைக் கண்டித்து, அவரைச் சந்திக்கவே மறுத்துவிட்டார் கேசி. இதற்கெல்லாம் பின்னணி அந்த அமைப்பின் கடிதங்களிலும் பயண அறிக்கைகளிலும்தானே இருக்கும்? கணக்குப் புத்தகம் என்று எப்படி ஒதுக்க முடியும்?

இதே கேசி, தனக்கு ஒரு மகன் இருப்பது வெளியே தெரிந்து 1992இல் பதவி விலகினார். பின்னாளில் அவர்மேல் இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டுகளும் எழுந்தன. அதற்காக அவர் கையெழுத்துள்ள ஒரு தாளைக்கூடக் காப்பகத்திலிருந்து எடுக்கக் கூடாது. நிறுவனத்தின் பெயருக்குச் சங்கடம் தரும் தாள்கள்தான் முதலில் பத்திரமாக இருக்க வேண்டும்.

என் மனதை அரிக்கும் விஷயம் வேறு. சோமாலியாவின் கெடோ பகுதியில் ட்ரோகரே 1992இலிருந்து வேலை செய்கிறது. அங்குள்ளவர்களின் பசி, நோய், இடப்பெயர்வு பற்றி யார் யாரோ எழுதியது அயர்லாந்தில் அடுக்கிவைக்கப்படும். அந்த ஊர்க்காரர்கள் விசா வாங்கிப் போய்ப் பார்ப்பது நடக்கிற காரியமா? கோப்புகளை ஸ்கேன் செய்து அந்த நாடுகளின் நூலகங்களுக்கும் கொடுக்க வேண்டும். அட்டவணை சோமாலியிலும் ஸ்பானியத்திலும் இருக்க வேண்டும். பிரச்சாரப் படங்களில் பெயரில்லாமல் நிற்கும் குழந்தைகளை அடையாளம் சொல்ல அவர்களுடைய உறவினர்களுக்கு ஒரு வாய்ப்பு வேண்டும். நோயாளிகளின் விவரங்களையும், கொலைகளுக்குச் சாட்சி சொன்னவர்களின் பெயர்களையும் மட்டும் ஒரு காலம்வரை மூடிவைக்கலாம், சரி. மற்றவற்றை ஏன் மூட வேண்டும்?

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, காப்பகப் பொறுப்பாளர்களிடம் இந்தக் கேள்வியையும் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி